மேடைக்கு ஒரு கைகாட்டி

கருத்தரங்க அழைப்பிதழைப் போல் ஒழுங்கு மிக்க இலக்கியம் தமிழில் வேறில்லை. காலை 10.00 மணிக்குக் கிராஅத், 10.05-க்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, 10.10-க்கு வரவேற்புரை, 10.20-க்குத் தலைமையுரை என்று நிமிடக் கணக்குத் தவறாமல் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அதை நம்பி வருகின்றவர் அயலூர்க்காரராகவே இருப்பார். உள்ளூர்க்காரர் பதினொரு மணிக்கு வந்து, வரவேற்புரையின் நடுப்பகுதியில் அமர்ந்துகொள்வார். நம் தமிழ்த்துறைக்கு மட்டும் உரிய இயல்பன்று இது. ஏறத்தாழ இருபதாண்டுகளாக நான் சென்று வந்த அரங்குகளில் பெரும்பாலானவை இவ்வாறே இருந்தன.

காலைத் தாமதம் பெரிதன்று. பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் எப்படியோ நண்பகல் உணவுக்குள் முடிந்துவிடுகின்றன. நான் இங்கே எண்ணிப் பார்க்க விழைவது பிற்பகல் அமர்வை. 2.00 மணி முதல் 3.30 வரை 90 நிமிடம், ஆறு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம். ஆக 72. எஞ்சிய 18 நிமிடத்தில் கலந்துரையாடல், அமர்வுத் தலைவரின் தொகுப்புரை. தாளில் இக்கணக்கு மாசற்றது. அரங்கில் முதற்கட்டுரையாளர் எழுகின்றார். மேடையிலுள்ள அனைவரையும் பெயரும் பட்டமும் சொல்லி விளிக்கின்றார். வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறுகின்றார். அதற்குள் மூன்று நிமிடம் கழிகின்றது. கட்டுரை உமறுப் புலவரின் உவமைகளைப் பற்றியது என்றால், புலவர் பிறந்த ஊர், ஆசிரியர், வள்ளல் சீதக்காதியின் கொடை, சீறாப்புராணத்தின் காண்டங்கள் மூன்று, பாடல்கள் ஐயாயிரத்துக்கு மேல் என்று அரங்கிலுள்ள அனைவரும் அறிந்த செய்திகளைச் சொல்லி முடிப்பதற்குள் மேலும் எட்டு நிமிடம். உவமையைத் தொடும்போது பன்னிரண்டாவது நிமிடம் வந்துவிடுகின்றது. தலைவர் தாமே முன்னர் மாணவராக இருந்து கற்ற பேராசிரியரை எப்படி நிறுத்துவார்? உரை இருபத்தைந்து நிமிடம் நீள்கின்றது.

அந்தப் பதின்மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் வினா. காலம் புதிதாய்ப் பிறப்பதில்லை. முதலாமவர் கூடுதலாக எடுத்துக்கொண்டது ஆறாமவரிடமிருந்து எடுக்கப்பட்டதே. ஆறாமவர் யார்? மூத்தோரை முன்னே நிறுத்துவது நம் மரபு; ஆகவே ஆறாமவர் எப்போதும் மாணவர். பெரும்பாலும் முதன்முறை மேடையேறுபவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு ஓர் அரங்கில் அத்தகைய ஆறாமவராக நின்றவர் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்து மாணவி ஒருவர். ஊரைத் தவிர வேறு அடையாளம் சொல்லேன். அவருடைய கட்டுரை, பழவேற்காட்டு ஏரியில் வழங்கும் ‘பாடு’ என்னும் முறையைச் சார்ந்த சொற்களைப் பற்றியது. இதனை அறியாத மாணவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலை கட்ட விரும்புவோர் பலர். வலியவர் நல்ல இடத்தை என்றைக்கும் பிடித்துக்கொள்ளாதபடி, ஊரார் அவ்விடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று ஒருவர் வலை கட்டிய இடத்தில் நாளை மற்றொருவர். அவருக்குக் கிடைத்தது எதுவாயினும் அது அவருடைய பாடு. உரிமை இடத்தின்மேல் இல்லை, முறையின்மேல் இருக்கின்றது. கடலியலாரும் சமூகவியலாரும் இதனைக் குறித்து எழுதியிருக்கின்றனர். நம் மாணவி செய்தது வேறொன்று. தம் தந்தையும் சிற்றப்பன்மாரும் பேசும் மொழியிலிருந்து வலை, காற்று, நீர்மட்டம், முறை ஆகியவற்றுக்கான சொற்களைத் திரட்டி, அவற்றுள் எவை நம் அகராதிகளில் உள்ளன, எவை இல்லை என்று ஒப்பிட்டிருந்தார். மேற்கிலிருந்து வீசும் கச்சானும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் நமக்குப் புத்தகச் சொற்கள். அவர் வீட்டில் அவை அன்றைய உலையைத் தீர்மானிக்கும் சொற்கள். கட்டுரையை முன்பே படித்திருந்த எனக்கு, அன்றைய ஆறு கட்டுரைகளுள் புதியது எனச் சொல்லத்தக்கது அது ஒன்றே எனத் தோன்றியது.

அவர் எழுந்தபோது மணி 3.50. வெளியூர்ப் பேராசிரியர்கள் வண்டி பிடிக்க எழுந்துகொண்டிருந்தனர். “சுருக்கமாக மூன்று நிமிடத்தில் முடித்துவிடும்மா” என்றார் தலைவர். அவரையும் குறை சொல்வதற்கில்லை. மணி நான்கிற்கு மண்டபத்தை வேறொரு நிகழ்ச்சிக்கு ஒப்படைத்தாக வேண்டும். மாணவி தலைப்பைப் படித்தார். முதற்பக்கத்தில் பாதியைப் படித்தார். பின்னர்ப் பக்கங்களைப் புரட்டி, எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியாமல் நின்றார். “நன்றி ஐயா” என்று சொல்லி இறங்கிவிட்டார். கடைசி வரிசையில் அவருடைய தாயார் அமர்ந்திருந்தார். மகள் பேசுவதைக் கேட்கவென்று அன்றைய மீன் விற்பனையை விட்டுவிட்டு வந்தவர். கைதட்டல் ஓய்ந்த பிறகும் மகள் பேசி முடித்துவிட்டாள் என்பதை அவர் அறிந்துகொள்ளவில்லை. முறைவைத்துப் பகிர்வதைப் பற்றிய கட்டுரைக்கே முறை கிடைக்காமற்போனது. ஏரிக்காரர்கள் தம்முள் செய்துகொண்ட நீதி, இலக்கணமும் இலக்கியமும் கற்ற நம் அரங்கில் இல்லாமற்போயிற்று.

இதற்கு மருந்து இல்லாமலில்லை என்பர். தலைவர் மணியடிக்கலாம், துண்டுச் சீட்டு அனுப்பலாம், சட்டையின் பின்புறத்தை மெல்ல இழுக்கலாம். இம்மூன்றையும் நான் கண்டிருக்கின்றேன். துண்டுச் சீட்டைப் பேச்சாளர் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சிலர் அதையே ஒலிவாங்கியில் படித்துக்காட்டி, “காலம் போதாது என்கின்றார்கள், தமிழுக்குக் காலம் ஏது?” என்று கைதட்டல் பெற்று, மேலும் பத்து நிமிடம் பேசுவார்கள். மணியோசையில் வேறொரு குறை உண்டு. அது அவை முழுவதற்கும் கேட்கின்றது. மணியடிக்கப்பட்டவர் நாணமுறுகின்றார், நாணத்தை மறைக்கச் சினம் கொள்கின்றார், அல்லது நகைச்சுவை சொல்கின்றார். இரண்டுக்கும் நேரம் ஆகின்றது. அன்றியும் மணி ஒலிப்பது காலம் முடிந்த பிறகு. முடிந்ததை அறிவிப்பதால் பயன் யாது? முடியப்போவதை அறிவிப்பதன்றோ உதவி!

இதற்கான விடையை நான் நூலகத்தில் தேடவில்லை. அது அத்திப்பட்டு இருப்புப்பாதையோரம் கம்பத்தில் எரிந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் அப்பாதையில் மின்தொடர் வண்டிகளும் தொலைதூர விரைவு வண்டிகளும் நிலக்கரிச் சரக்கு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. 1994-இல் வடசென்னை அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது, 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அவற்றையடுத்து எங்கள் ஊரில் வண்டிக்குக் காத்திருத்தலும் வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று. நடைமேடையில் நின்று பார்த்துப் பார்த்து வண்ணவிளக்குகளின் மொழி எனக்கும் பழகிவிட்டது. பச்சை எரிந்தால் செல்க. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த கைகாட்டியைக் குறைந்த வேகத்தில் கடக்க ஆயத்தமாகுக. ஒற்றை மஞ்சள் என்றால் செல்லலாம், ஆனால் அடுத்த கைகாட்டியில் நிற்க ஆயத்தமாகுக. சிவப்பு என்றால் நில்.

இவற்றுள் அறிவு முழுவதும் மஞ்சளில் இருக்கின்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் நிலக்கரி சுமந்து வரும் வண்டியைச் சிவப்பைக் கண்டவுடன் நிறுத்த எந்த ஓட்டுநராலும் இயலாது. சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்ற தூரம் வேண்டும். அதனாலேயே நிலையத்துக்கு முன்னுள்ள நிறுத்தக் கைகாட்டிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் முன்னரே தொலைக் கைகாட்டியை நட்டு வைக்கின்றனர். பேச்சும் சுமையேற்றிய வண்டியே. எழுதிவைத்த பன்னிரண்டு பக்கம், நினைவில் வந்துசேர்ந்த மேற்கோள், அவையின் முகக்குறிப்பு எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரு விசையைத் தந்துவிடுகின்றன. மணியடித்தவுடன் நிற்காத பேராசிரியரைப் பிடிவாதக்காரர் என்று நாம் நினைக்கின்றோம். பலமுறை அவருக்கு நிற்பதற்கான தூரம் கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

மேடைக்கு விளக்கு என்பது என் புத்தாக்கம் அன்று. உலகில் பலவிடங்களில் அது நெடுநாளாக இருக்கின்றது. 1924-இல் அமெரிக்கக் கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில் ரால்ஃப் சுமெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் பேச்சுப் பயிற்சி மன்றம் இன்று உலகெங்கும் கிளை பரப்பியுள்ளது. சென்னையிலும் அதன் கிளைகள் உள்ளன. அங்கே ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சு என்றால் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அரை நிமிடச் சலுகையும் கடந்தால் போட்டியிலிருந்து நீக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நிற்கும் மேசையில் வெள்ளை விளக்கு எரிந்தால் ஐந்து நிமிடம் எஞ்சியிருக்கின்றது என்று பொருள். சிவப்பு எரிந்தால் முடிந்தது. நாட்டின் தலையாய வழக்குகளை வாதிடுவோரே அதற்குப் பணிகின்றனர். குழந்தைகளுக்கும் இம்முறை உதவுகின்றது. கடிகாரம் பார்க்கத் தெரியாத தம் சிறுமகளுக்காக ஜான் ராஜர்ஸ் என்னும் அமெரிக்கத் தாய் ஒருவர் 1990-களில் ஒரு கடிகாரம் உருவாக்கினார். அதன் முகத்தில் சிவப்பு வட்டம் ஒன்று சிறிது சிறிதாகக் குறைந்து மறையும். எண் தெரியாத குழந்தையும் ‘இன்னும் இவ்வளவு இருக்கின்றது’ என்று கண்ணால் அறிந்துகொள்ளும். அக்கடிகாரம் இன்று பல நாட்டுப் பள்ளிகளில் பயன்படுகின்றது.

கண்ணால் காணும்படி காலம் குறைவது என்னும் இக்கருத்து மிகப் பழையது. ஏதென்சு நகர நீதிமன்றங்களில் அடியில் துளையிட்ட மண்கலத்தில் நீர் நிரப்பி ஒழுகவிட்டனர். நீர் தீர்ந்தால் வாதம் தீர்ந்தது. அகழ்வில் கிடைத்த கலம் ஒன்று ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் வடிந்தது. அவர்களுடைய நேர்மையைப் பாருங்கள்: சட்ட வாசகமோ சான்றோ படிக்கப்படும்போது துளையை அடைத்துவிடுவார்கள், அந்நேரம் வாதியின் கணக்கில் சேராது. நம்மிடம் 24 நிமிடம் கொண்ட நாழிகையும் அதை அளந்த வட்டிலும் இருந்தன. முல்லைப்பாட்டில் நப்பூதனார், பகைமேற் சென்ற வேந்தன் தங்கிய பாசறையிலும் நீர்க்கலம் கொண்டு பொழுதறிந்து சொல்லும் நாழிகைக் கணக்கரைக் காட்டுகின்றார். போர்க்களத்தில்கூட வேந்தனிடம் ‘இத்துணை நாழிகை ஆயிற்று’ என்று சொல்லத்தக்கவர் இருந்தார். அதைக் கேட்டு எந்த வேந்தனும் சினந்ததாகப் பாட்டில் இல்லை.

இசுலாமிய உலகில் இது ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்வோர்க்கு முவக்கித் என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கசு உமய்யாப் பெரும்பள்ளியில் அப்பணியிலிருந்த இப்னு அல்ஷாதிர் வானியலில் பேரறிஞர். அவருக்கு முன்பே 1206-இல் அல்ஜஸரி தம் பொறியியல் நூலில் வரைந்துவைத்த யானைக் கடிகாரத்தினுள்ளே துளையிட்ட கிண்ணம் ஒன்று நீரில் மெல்ல அமிழ்கின்றது. அரைமணிக்கொருமுறை பொம்மைகள் இயங்குகின்றன. நம் நாழிகை வட்டிலின் உறவினர்தான் அக்கிண்ணம். இன்று நம் மஹல்லாப் பள்ளிகளில் சிவப்பு எண்கள் ஒளிரும் மின்கடிகாரத்தைப் பார்த்துத்தான் இகாமத் சொல்கின்றோம். அதில் ஒருவருக்கும் தயக்கமில்லை. பள்ளியில் ஏற்றுக்கொண்டதைப் பல்கலை மேடையில் ஏற்க ஏன் தயங்க வேண்டும்?

சென்ற ஆண்டு இயற்பியல் துறை நண்பர் ஒருவரின் துணையோடு ஒரு தகரப்பெட்டி செய்தோம். அதில் மூன்று எல்.இ.டி. விளக்குகள், அவற்றின் அருகே நிமிடம் காட்டும் எண்பலகை, தலைவர் மேசையிலிருந்து இயக்க ஒரு பொத்தான். மடிக்கணினித் திரையிலும் இதைச் செய்யலாம். கைப்பேசியிலேயே இத்தகைய செயலிகள் உள்ளன. ஆயினும் தனிப்பெட்டியை நான் விரும்பினேன். காரணம் இதுதான்: பெட்டியின் முகம் பேச்சாளரை நோக்கியிருக்கும், முதுகு அவையை நோக்கியிருக்கும். எச்சரிக்கை அவருக்கு மட்டும் தெரியும். அவை அறியாமல் அவர் முடித்துக்கொள்ளலாம். முடிக்கும் பெருமை அவருக்கே உரியதாகும். மணிக்கும் விளக்குக்கும் உள்ள வேறுபாடு ஒலிக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமன்று. ஒன்று ஊரறியத் தட்டிக்கேட்பது. மற்றது தனியே அழைத்துச் சொல்வது. மூத்தோரிடம் குறை சொல்ல நேரும்போது நம் வீடுகளில் எதைச் செய்வோமோ அதையே இப்பெட்டி செய்கின்றது.

பன்னிரண்டு நிமிடத்தில் எட்டு வரை பச்சை, எட்டு முதல் பதினொன்று வரை மஞ்சள், இறுதி ஒரு நிமிடம் சிவப்பு என்று வகுத்தோம். மஞ்சளுக்கு மூன்று நிமிடம் மிகுதி என்றார் நண்பர். மாணவர்களை வைத்து ஒத்திகை பார்த்தோம். ‘இனி முடிவுரை’ என்று சொல்லியபின் உண்மையாகவே முடிப்பதற்குப் பெரும்பாலோர்க்கு இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் தேவைப்பட்டது. நிலக்கரி வண்டிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் நம்மவர்க்கு மூன்று நிமிடம் என்று உறுதி செய்தோம். ஏதென்சுக்காரரிடமிருந்தும் ஒரு விதி கடன் வாங்கினோம்: மின்சாரம் போனாலோ ஒலிவாங்கி கரகரத்தாலோ கடிகாரம் நிற்கும்.

ஒத்திகையில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. மாணவர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தோன்றின. இருபது வயதுவரை அதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. இக்குறை மரபுவழி வருவது, ஆண்களிடமே மிகுதி. ஐரோப்பிய மரபினரில் ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்கு இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட வண்ணப்புள்ளித் தட்டுகளைக் கொண்டு இதைக் கண்டறிவர். தொடர்வண்டி ஓட்டுநர்க்கு நிறப்பார்வைச் சோதனை கட்டாயமாக இருப்பது இதனாலேயே. பேச்சாளர்க்கு அச்சோதனை வைக்க முடியாதல்லவா? ஆகவே சாலைச் சந்திப்பில் உள்ளவாறு சிவப்பை உச்சியிலும் மஞ்சளை நடுவிலும் பச்சையை அடியிலும் அமைத்தோம். சிவப்பு மட்டும் விட்டுவிட்டு எரியுமாறு செய்தோம். நிறம் தெரியாதவர்க்கு இடம் தெரியும். இடம் தெரியாத தொலைவில் துடிப்புத் தெரியும். நிறத்தை மட்டும் நம்பி எதையும் அறிவிக்கலாகாது என்பதை அம்மாணவரிடமிருந்து நாங்கள் கற்றோம்.

எண்பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4:00, 3:59, 3:58 என்று எண் இறங்குவதைப் பார்த்தவுடன் புதிய மாணவர்கள் விரைந்து படிக்கத் தொடங்கினார்கள். கண் தாளில் இல்லை, எண்ணில் இருந்தது. ஒரு மாணவி பன்னிரண்டு நிமிடக் கட்டுரையை ஏழு நிமிடத்தில் படித்துமுடித்து, மூச்சு வாங்க நின்றார். அனுபவமுள்ளவர்க்கு எண் துணை, புதியவர்க்கு அது துரத்தும் நாய். ஆகையால் மாணவர் பேசும்போது எண்களின்மேல் ஓர் அட்டையைச் சாத்திவைத்து நிறத்தை மட்டும் காட்டுவது என்று முடிவு செய்தோம். கருவி எல்லார்க்கும் ஒன்றாயிருக்கலாம். அதைக் காட்டும் முறை ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? “தமிழை அரைப்படி, கால்படி என்று அளக்கத் தொடங்கிவிட்டீர்களா?” என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். என் மதிப்புக்குரியவர், அவர் வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது. கவியரங்கத்தில் இப்பெட்டியை வைத்தால் அதை முதலில் உடைப்பவன் நானாகத்தான் இருப்பேன். வயது முதிர்ந்தவர் ஒருவர் தாம் பட்டதைச் சான்றாகச் சொல்லும்போது மஞ்சள் விளக்கைக் காட்டுவது கொடுமை. ஆனால் ஆய்வுக் கட்டுரை வேறு. பத்துக் குற்றங்களை எண்ணவந்த பவணந்தியார் குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை இரண்டாவதிலும் கூறியது கூறலை அதற்கடுத்தும் வைத்தார். பத்து அழகுகளை எண்ணும்போது சுருங்கச் சொல்லலுக்கே முதலிடம் தந்தார். அளவு தமிழுக்கு அயலான சரக்கன்று என்பதற்கு நன்னூலினும் சான்று வேண்டுமா? திருவள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவது ஒருவரின் அறிவுக்கு அடையாளம் என்னும் கருத்தில் அம்மார் இப்னு யாசிர் (ரலி) வழி வரும் நபிமொழி ஒன்று முஸ்லிம் தொகுப்பில் உண்டு. குன்றக் கூறலும் குற்றமே என்பதை மறந்துவிடலாகாது. மூன்று நிமிடத்தில் இறக்கிவிடப்பட்ட பழவேற்காட்டு மாணவியின் உரையில் நேர்ந்தது அக்குற்றம். ஆனால் அது அவர் செய்ததன்று, அவர்மேல் செய்யப்பட்டது.

எங்கள் ஊருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் சிறீஅரிகோட்டா இருக்கின்றது. ஏவுகணைகள் புறப்படும் நாளில் வானம் தெளிவாயிருந்தால் மொட்டைமாடியிலிருந்தே நெருப்புக் கீற்றைக் காணலாம். எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு புறப்படும் வழக்கத்தைப் பரவலாக்கியது 1929-இல் பிரிட்சு லாங் எடுத்த செருமானியத் திரைப்படம் ஒன்று என்பர். கற்பனை முந்திக்கொண்டது, அறிவியல் பின்தொடர்ந்தது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 முதன்முறை ஏவப்பட்டபோது திட்ட இயக்குநராயிருந்தவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். இறங்கு எண்ணிக்கையின் இறுதிக் கட்டத்தில் கணினி ‘நில்’ என்றது. உடனிருந்த வல்லுநர்கள் அச்சம் வேண்டாம் என்றனர். கணினியை மீறி ஏவும் முடிவை அவர் எடுத்தார். கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. செய்தியாளர் முன் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டவர் தலைவர் சதீசு தவான். 1980 சூலை 18-இல் வெற்றி கிட்டியபோது செய்தியாளரைச் சந்திக்கக் கலாமை முன்னே அனுப்பினார். இதைக் கலாம் அவர்களே பல மேடைகளில் சொல்லியிருக்கின்றார். தலைமைப் பண்புக்காக இந்நிகழ்ச்சியை எல்லாரும் எடுத்துக்காட்டுவர். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகின்றது. சிவப்பு எரியும்போது ‘பரவாயில்லை, தொடருங்கள்’ என்று சொல்லும் நல்லவர்கள் எப்போதும் அருகிலேயே இருப்பார்கள்.

கருத்தரங்க மேடையில் அந்நல்லவர் பெரும்பாலும் அமர்வுத் தலைவரே. எனவே எங்கள் ஏற்பாட்டில் பெட்டியைவிட முக்கியமானது தலைவரோடு முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. சிவப்பு அணைந்ததும் அவர் எழுந்து நிற்பார், ஒன்றும் பேசமாட்டார். ஒருவர் எழுந்து நிற்கும்போது மற்றவர் தொடர்ந்து பேசுவது நம் நாட்டில் கடினம். விளிச்சொற்களையும் ஒருமுறையே, அமர்வின் தொடக்கத்தில் தலைவரே எல்லார் சார்பிலும் சொல்லிவிடுவது என்று வைத்தோம். அதனால் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் மிஞ்சியது. மற்றொன்றும் செய்தோம், இதற்குத்தான் மிகுந்த வாதம் நடந்தது. ஆறு கட்டுரைகளில் மாணவர் கட்டுரைகள் இரண்டையும் முதலில் வைத்தோம். மூத்தோர் பின்னே பேசினால் இளையோர் சொன்னதையும் சேர்த்துத் திறனாயலாம் என்று காரணம் காட்டினோம். உண்மைக் காரணத்தை இம்மலரில் முதன்முறையாக எழுதுகின்றேன்.

அவ்வமர்வு 3.34-க்கு முடிந்தது. ஆறு கட்டுரைகளும் முழுமையாகப் படிக்கப்பட்டன. மூத்த பேராசிரியர் பதின்மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். மஞ்சள் எரிந்தபோது பெட்டியைப் பார்த்து ஒருமுறை புன்னகைத்தார், நான்கு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார், முடிவுரைக்கு வந்தார். அவருடைய உரைகளில் நான் கேட்டவற்றுள் அதுவே தெளிவானது. அவரிடமே சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கலந்துரையாடலில் மாணவர் இருவரையும் நோக்கி ஐந்து வினாக்கள் எழுந்தன. பழவேற்காட்டு மாணவி அதற்குள் படிப்பை முடித்துச் சென்றுவிட்டிருந்தார். அவருடைய கட்டுரைப்படி என்னிடம் இருக்கின்றது. இவ்வாண்டுக் கருத்தரங்கின் முதல் அமர்வில் முதற்கட்டுரையாக அதைப் படிக்க வருமாறு மடல் எழுதியிருக்கின்றேன். தாயாரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கின்றேன்.

பெட்டி இப்போது துறையின் இரும்பு அலமாரியில் இருக்கின்றது. சென்ற மாதம் எங்கள் பகுதி ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் அதைப் பற்றிக் கேள்வியுற்று வந்தார். மீலாது மேடையில் நள்ளிரவுவரை நீளும் உரைகளைப் பற்றிப் பெண்கள் குறைபட்டுக்கொள்கின்றார்களாம், குழந்தைகள் உறங்கிவிடுகின்றனவாம். “ரெண்டு நாளைக்கு இரவல் குடுங்க தம்பி” என்றார். எடுத்துக் கொடுத்து, பொத்தானை இயக்கும் முறையைக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், வாயில்வரை சென்று திரும்பி, “தலைவர் உரைக்கு மட்டும் இந்தச் சிவப்பு கொஞ்சம் தாமதமா எரியற மாதிரி வச்சுக்கலாமா?” என்று கேட்டார். தலைவர் அவர்தாம்.